டி டிரைவில் இருந்த இரண்டு மயில்கள்

புடவைக் கடையில் என்னை உட்கார வைத்துவிட்டால் கடைக்காரர் அன்றைக்கு வேறு வியாபாரத்தை மறந்துவிட வேண்டியதுதான். மேல் தட்டில் இருப்பதை இறக்கச் சொல்வேன். இறக்கியதைப் பிரிக்கச் சொல்வேன். பிரித்ததைத் தோளில் போட்டுப் பார்த்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, கடைசியில் அவர் முதல்முதலாகக் காட்டியதையே எடுத்துக்கொண்டு வருவேன். (பில் போடும்போது அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க மாட்டேன், பாவமாக இருக்கும்.) இப்படிப்பட்ட ஒருத்தியிடம் கம்ப்யூட்டர் உலகம் வந்து, 'இந்தாம்மா லினக்ஸ், எத்தனையோ ரகம் இருக்கு, எல்லாமே இலவசம், பிடிச்சதை எடுத்துக்கோ' என்று சொல்லியிருக்கவே கூடாது. அதுவரைக்கும் தப்பு அவர்கள் பேரில். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் பேரில்.

என் பேர் அம்சா. கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் ஜாக்கெட் தைத்து, கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போட்டுத் தருகிற கடை வைத்திருக்கிறேன். வேலை ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. டிசைனை லேப்டாப்பில் வரைய வேண்டும், பென் டிரைவில் ஏற்ற வேண்டும், பென் டிரைவை எம்பிராய்டரி மிஷினில் சொருக வேண்டும். மிஷின் தானாக ஊசி மாற்றி ஊசி மாற்றித் தைத்துத் தள்ளும். என் வீட்டுக்காரர் ஏழுமலை வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறார். நல்ல மனிதர், கோபமே வராது. ஜீப் மலையேறிவிட்டால் சிக்னலும் வராது. இந்த இரண்டாவது குணத்தால்தான் பாதி வினை.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பொங்கல் முடிந்த கையோடு, என் லேப்டாப்பில் திரை முழுக்க ஓர் அறிவிப்பு வந்தது. உன்னுடைய விண்டோஸ் ஏழின் காலம் முடிந்தது, இனி பாதுகாப்புக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றது. மூடினால் மறுபடி வந்தது. கடை வாடிக்கையாளர்கள் எதிரில் இப்படிக் கருமாதிப் பத்திரிகை நீட்டினால் எனக்கு எப்படி இருக்கும்? சர்வீஸ் கடை பாபுவிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

"அக்கா, இது ஆவாது. புதுசு வாங்கிடுங்க" என்றான், திறந்துகூடப் பார்க்காமல்.

"இது நல்லாத்தானே ஓடுது?"

"ஓடும்க்கா. ஆனா புது விண்டோஸ இது தாங்காது. இழுத்துக்கினு கிடக்கும்."

எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. ஒரு பொருளை எவனாவது 'ஆவாது' என்று சொல்லிவிட்டால், அதை ஆக வைத்துவிட்டுத்தான் சோறு இறங்கும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து யூடியூபைத் திறந்தேன். பழைய லேப்டாப்புக்கு உயிர் கொடுப்பது எப்படி என்று தேடினேன். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடு என்றார்கள். எந்த லினக்ஸ் என்று தேடினேன். அங்கேதான் கடை விரித்தார்கள்.

ஒரு பையன், புதிதாக வருபவர்களுக்கு உபுண்டுதான் என்று சத்தியம் செய்தான். அடுத்த வீடியோவில் இன்னொரு பையன், புதியவர்கள் உபுண்டு பக்கம் போகாதீர்கள், மின்ட் போடுங்கள் என்றான். மூன்றாமவன் இருவரையும் திட்டினான். பொங்கலுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு மாப்பிள்ளை பெங்களூரில் சாஃப்ட்வேர்க்காரர், அவரைக் கேட்டேன். "நான் ஆர்ச்சுங்க" என்றார், சொந்த ஊர் பேர் சொல்வதுபோல. அதுவும் ஒரு லினக்ஸ்தான், அதில் எல்லாவற்றையும் நாமே ஒவ்வொன்றாகக் கட்டிக்கொள்ள வேண்டுமாம். மனை மட்டும் வாங்கி வீட்டை நாமே கட்டிக்கொள்கிற மாதிரி என்று விளக்கினார். எனக்கு வீடு கட்ட ஆசையில்லை, குடிபோனால் போதும் என்று சொன்னதும் அவருக்கு என் மேல் இருந்த மரியாதை கொஞ்சம் கம்மியாகிவிட்டது.

முகநூலில் ஒரு குழுவில் சேர்ந்து, 'எந்த லினக்ஸ் நல்லது?' என்று ஒரே வரி எழுதிப் போட்டேன். (போட்டிருக்கவே கூடாது.) டெபியன் ஆட்கள் ஒரு பக்கம், ஃபெடோரா ஆட்கள் ஒரு பக்கம், அடித்துக்கொண்டார்கள் பாருங்கள், எங்கள் ஊர் கோயில் கமிட்டி தோற்றது. நான் ஒருத்தி கேள்வி கேட்டவள் நடுவில் நிற்கிறேன் என்பதே யாருக்கும் ஞாபகமில்லை. கடைசியில் ஒரு நல்லவர் மட்டும், 'உங்கள் தேவை என்ன?' என்று கேட்டார். 'கல்யாண ஜாக்கெட்டில் மயில் போட வேண்டும்' என்று எழுதினேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

அந்த மயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விஷயமே அதுதான்.

என் நாத்தனார் காவேரி அண்ணி தியாகதுருகத்தில் இருக்கிறார். அவர் வீட்டுக்காரர் கோவிந்தன் அண்ணன் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர், கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் தவறிவிட்டார். ஒரே பெண் சங்கவி. அந்தத் தை மாதக் கடைசியில் அவளுக்குக் கல்யாணம். அப்பா இல்லாத பெண் கல்யாணத்தில் தாய்மாமன் சீர்தான் ஊர் கண்ணில் படும். மேளத்தோடு தட்டு தட்டாகக் கொண்டுபோக வேண்டும். அந்தத் தட்டில் வைக்கிற புடவையையும் ஜாக்கெட்டையும் உடுத்திக்கொண்டுதான் பெண் முதல் நாள் மாலை நலங்குக்கு உட்காருவாள். தாய்மாமன் என் வீட்டுக்காரர். அப்படியென்றால் ஜாக்கெட் என் பொறுப்பு.

அண்ணி இதில் சந்தேகப்பட்டார். "தா அம்சா, சேலத்துல ஒரு பெரிய கடை கீதாம். அங்க குடுத்துடலாமா? உனுக்கு எதுக்குச் சிரமம்?"

சிரமம் என்ற அந்த வார்த்தைக்கு எங்கள் குடும்பத்தில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உனக்கு வராது என்று அர்த்தம். "அண்ணி, இந்த ஜாக்கெட்ட நான் தைக்கலன்னா கடைய இழுத்து மூடிட்டு ஜீப்புல க்ளீனரா போயிடறேன்" என்றேன். ஏழுமலை அருகில்தான் இருந்தார். ஜீப்பில் இடம் இல்லை என்று முணுமுணுத்தார்.

பல நாள் உட்கார்ந்து, இரண்டு கைக்கும் கைக்கொரு மயிலாக நானே வரைந்தேன். கழுத்து நீலம் தனி, மார்பு நீலம் தனி, தோகையில் கண் கண்ணாகப் பச்சையும் பொன்னும். சங்கவி போனில் பார்த்துவிட்டு, "அத்தை, இது பறந்துடும் போல கீது" என்றாள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே விருது அது. ஆனால் அண்ணி புடவை நிறத்தை மாற்றி மாற்றி, கடைசியில் ஆரணியிலிருந்து புடவை வந்து சேர்ந்ததே வியாழக்கிழமை மாலைதான். சனிக்கிழமை மாலை நலங்கு. ஜாக்கெட் துணி புடவையோடு சேர்ந்தே வந்த ஒரே துண்டு. கெட்டால் மாற்று கிடையாது.

இதற்கிடையில் நான் லினக்ஸ் பார்ப்பதை நிறுத்தவில்லை. லினக்ஸில் ஒரு பெரிய வசதி, பென் டிரைவில் ஏற்றி, லேப்டாப்பில் நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்க்கிற அதே வசதி. என்னை மாதிரி ஆளுக்கு இதைக் காட்டலாமா? தினம் ஒன்றை இறக்கினேன். உபுண்டு கத்தரிக்காய்க் கலரில் இருந்தது, எனக்கு அந்தக் கலரில் ஏற்கெனவே புடவை இருக்கிறது. ஃபெடோரா நீலம், நல்ல லட்சணம், ஆனால் கொஞ்சம் பெரிய இடத்துப் பெண் மாதிரி ஒட்டாமல் நின்றது. டெபியனின் சின்னம் ஜிலேபி போல இருந்ததால் பசி எடுத்தது. இப்படியெல்லாம் பார்த்து ஒரு மனுஷி கம்ப்யூட்டருக்கு உயிர்நாடியான ஒன்றைத் தேர்ந்தெடுப்பாளா என்று கேட்காதீர்கள். மாப்பிள்ளையையே பலர் இதைவிடக் கம்மியாகப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.

கடைசியில் எதை எடுத்தேன்? முதல் நாள் போட்டுப் பார்த்த மின்ட். வாழை இலைப் பச்சை, மங்களகரம். கீழே இடது மூலையில் விண்டோஸில் இருப்பது போலவே ஒரு பொத்தான். வைஃபை போட்டவுடன் பிடித்துக்கொண்டது. அதை முதல் நாளே எடுத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

வியாழக்கிழமை ராத்திரி ஏழுமலை தினசரிக் காலண்டரைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். "வெள்ளிக்கிழமைய வுட்டா அப்புறம் கல்யாணம், அது முடிஞ்சா கரிநாளு, அதுக்கப்புறம் அஷ்டமி. போடறதுன்னா நாளைக்குக் காலையில போட்டுடு. பத்தரைக்கு ராகு காலம் வந்துடும், அதுக்கு முன்ன ஆரம்பிச்சிடணும்."

முதலில் ஜாக்கெட்டைத் தைத்துவிட்டு அப்புறம் லினக்ஸ் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பிற்பாடு தியாகதுருகமே கேட்டது. என் கணக்கு வேறு. புது சிஸ்டத்தில் முதல் போணி, நம் வீட்டுப் பெண்ணின் சீர் ஜாக்கெட்டாக இருக்க வேண்டும். எவளோ ஒருத்தியின் சுடிதார் கழுத்தில் தொடங்கினால் நன்றாகவா இருக்கும்? வியாபாரம் செய்கிற யாரைக் கேட்டாலும் போணியின் அருமையைச் சொல்வார்கள்.

அதற்காக நான் அஜாக்கிரதையாகவும் இல்லை. இதை அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன். பென் டிரைவில் லினக்ஸ் ஏற்றினால் உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்று தெரிந்து, மயில்களை முன்கூட்டியே லேப்டாப்புக்கு மாற்றிவிட்டேன். அதுவும் சி டிரைவில் வைக்கவில்லை, டி டிரைவில் வைத்தேன். நம் ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த வேதவாக்கு ஒன்று உண்டு: ஃபார்மட் செய்தால் சி போகும், டி போகாது. பாபு என் லேப்டாப்பை எத்தனை தடவை ஃபார்மட் செய்திருப்பான், டி டிரைவில் இருந்த பொருள் ஒன்றுகூடப் போனதில்லை. டி டிரைவ் என்பது பீரோவுக்குள் இருக்கிற லாக்கர். வீட்டுக்கு வெள்ளையடித்தால் லாக்கரா காலியாகும்?

வெள்ளிக்கிழமை காலை. குளித்து, லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து ஒருத்தி ஜாக்கெட் பிடிக்கிறது என்று வந்தாள். அதைப் பிரித்துத் தளர்த்தி அவளை அனுப்புவதற்குள் மணி பத்தைத் தாண்டிவிட்டது. பென் டிரைவைச் சொருகி நிறுவ ஆரம்பித்தேன். மொழி கேட்டது, கொடுத்தேன். விசைப்பலகை கேட்டது, கொடுத்தேன். அடிவாரத்திலிருந்து ஏழுமலை போன் செய்தார்.

"ஆரம்பிச்சிட்டியா?"

"போய்க்கினு இருக்குது."

"மணி பத்து இருவத்தஞ்சு. சீக்கிரம் அமுக்கு. நான் மலையேறப் போறேன், டவர் போயிடும்." போய்விட்டது.

திரையில் கேள்வி ஒன்று நின்றது. டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவுவதா, அல்லது வேறு வழியா? வேறு வழியை அழுத்திப் பார்த்தேன். கம்பிகம்பியாக ஒரு பட்டியல் வந்தது, எண்களும் எழுத்துகளுமாக, அதில் சி என்றும் இல்லை, டி என்றும் இல்லை. படித்துப் புரிந்துகொள்ள ஒரு மத்தியானம் வேண்டும். ராகு காலமோ வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது. டிஸ்க் என்றால் சி தானே என்று முடிவு செய்து, பின்னால் வந்து, அழித்து நிறுவு என்பதை அழுத்தினேன். உறுதியாகவா என்று கேட்டது. நான் எதில் உறுதியில்லாமல் இருந்திருக்கிறேன்? அழுத்தினேன். கடிகாரத்தைப் பார்த்தேன், பத்தரை ஆகவில்லை. ராகுவை ஜெயித்துவிட்டேன் என்று எழுந்து காபி போட்டுக் குடித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு ருசியாகக் காபி குடித்ததில்லை.

லேப்டாப் பச்சையாக விடிந்தது. என்ன வேகம்! பாபுவை வரவழைத்துக் காட்ட வேண்டும் போல இருந்தது. மயிலை எடுக்கலாம் என்று டி டிரைவைத் தேடினேன். காணோம். டெஸ்க்டாப்பில் இல்லை, ஃபைல்களில் இல்லை. புது வீட்டுக்குக் குடிவந்தவள் அஞ்சறைப் பெட்டியைத் தேடுகிற மாதிரி எல்லாக் கதவையும் திறந்து திறந்து மூடினேன். டவுன்லோட்ஸ் என்று ஓர் அறை, பிக்சர்ஸ் என்று ஓர் அறை, எல்லாம் துடைத்து வைத்த மாதிரி காலி. பாபுவுக்குப் போன் போட்டேன்.

"டேய் பாபு, டி டிரைவ் போவாதுன்னு நீதானடா சொன்ன?"

"அது நான் விண்டோஸ் போடச்சொல்லோ க்கா. நான் சி மட்டும் பாத்துப் பாத்து அழிப்பேன். நீங்க இன்னா பண்ணீங்க?"

"டிஸ்க்க அழிச்சிட்டுப் போடுன்னு அமுக்கினேன்."

"அக்கா, அந்த டிஸ்க்குக்குள்ளதான் சியும் இருந்துச்சி, டியும் இருந்துச்சி. மொத்தமா வழிச்சி எடுத்துட்டீங்க. சென்னைக்கு அனுப்பினா எதுனா மீட்டுத் தருவாங்க. ஒரு வாரம் ஆவும்."

ஒரு வாரம். நலங்கு மறுநாள் மாலை. வீட்டுக்காரருக்குப் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றாள் அந்தப் பெண். மறுபடி போட்டேன், மறுபடி அதையே சொன்னாள். தையல் மிஷின் மேல் தலையை வைத்து அழுதேன். சும்மா கண் கலங்குவதெல்லாம் இல்லை, மூக்கைச் சிந்தி அழுதேன். அப்பா இல்லாத பிள்ளைக்கு மாமன் வீட்டுச் சீரை, ஒரு காலண்டர் தாளைப் பார்த்து நானே கொளுத்திவிட்டேனே என்று புலம்பினேன்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அந்த வரிசைதான். திரும்ப விண்டோஸ் போடவா? போட்டால் பாபு சிரிப்பான். சேலத்துக்கு ஓடவா? ஓடினால் அண்ணி சிரிப்பார். மயிலை நான்தானே வரைந்தேன், மறுபடி வரைந்தால் போயிற்று. லினக்ஸில் தையல் டிசைன் வரைய ஒரு மென்பொருள் இலவசமாக இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தேன். கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த ஒரு பொத்தானும் அதில் இல்லை. வட்டம் போடப் போனால் நட்சத்திரம் வந்தது. கழுத்தை வளைத்தால் வயிறு வீங்கியது. சாயங்காலம் ஏழுமலை மலையிறங்கி வந்து விஷயத்தைக் கேட்டவர், போய் இட்லி வாங்கி வந்து வைத்தார். பிறகு மெதுவாக, "ரெடிமேட்ல ஒண்ணு பாக்கலாமா?" என்றார். நான் பார்த்த பார்வையில் சட்னியைத் திறக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை என்னிடம் இரண்டு மயில்கள் இருந்தன. முந்தைய மயில்களின் ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொல்லலாம், கொஞ்சம் குண்டு, ஆனால் மயில்தான். சேமித்து, பென் டிரைவில் ஏற்றி, பட்டுத் துணியை வளையத்தில் இறுக்கி, மிஷினில் சொருகினேன். மிஷின் ஃபைலைப் படித்துவிட்டது! லினக்ஸில் நான் வரைந்ததை என் மிஷின் படித்துவிட்டது! அந்தச் சந்தோஷத்தில் பொத்தானை அழுத்திவிட்டுக் குளிக்கப் போனேன். தலைக்கு எண்ணெய் வைத்து நிதானமாகக் குளித்தேன், ஜெயித்தவள் குளியல்.

இங்கே ஒரு தொழில் விஷயம். அந்த ஃபைலில் நிறம் இருக்காது. முதல் ஊசி, இரண்டாம் ஊசி என்று வரிசை மட்டும்தான் இருக்கும். ஊசியில் நாம் என்ன நூல் கோத்திருக்கிறோமோ அந்த நிறத்தில் தைக்கும். இது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அன்றைக்கு மட்டும் விழித்திருந்ததால் தெரியவில்லை. வியாழக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்துச் சட்டைக்கு பேட்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன். மிஷினில் முதல் ஊசியில் அந்தக் கருப்பு நூல் அப்படியே இருந்தது, அவசரத்தில் வரைந்த புது மயிலின் உடம்பு முழுவதையும் அந்த ஒரே ஊசிக்குத்தான் விட்டிருந்தேன்.

ஈரத் தலையோடு வந்து பார்த்தேன். அரக்குப் பட்டில், இரண்டு கையிலும், அண்டங்கருப்பாக ஒரு பறவை. தோகையை நான் மெல்லிய கோடாக வரைந்திருந்தேன், புது மென்பொருளில் அந்தக் கோட்டுக்குத் தையல் என்று தனியாகச் சொல்ல வேண்டுமாம், சொல்லாததால் தோகையை விட்டுவிட்டது. கொண்டையும் அப்படியே. தோகையும் கொண்டையும் இல்லாத மயில் கருப்பாகவும் குண்டாகவும் இருந்தால் அதை எந்த முருகனும் வாகனமாக ஏற்க மாட்டார்.

"பிரிச்சிடலாமா?" என்றார் ஏழுமலை.

"பட்டுங்க. பிரிச்சா துணி ஓட்ட ஓட்டயா நிக்கும்."

"கல்யாணத்துல கருப்பு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கல்யாணப் பெண் மேல் ஒரு கருப்பு நூல் படக் கூடாது என்கிற ஊர் எங்கள் ஊர். பறவையைச் சுற்றிப் பொன் ஜரிகையால் ஓரம் அடித்தேன். கருப்பு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. ஜாக்கெட்டைத் தைத்து முடித்து, மடித்து, புடவைக்கு அடியில் வைத்து, தட்டை மூடினேன்.

தியாகதுருகம் போகிற வழியெல்லாம் எந்த வார்த்தையில் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். மண்டபத்து வாசலில் மேளக்காரர்கள் நின்றார்கள், தட்டைத் தூக்கி வரிசையாக உள்ளே போனோம், சொல்ல நேரமே இல்லை. சங்கவியைத் தனியாக அழைத்துப்போய் ஜாக்கெட்டைக் கையில் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "மயில் எங்க அத்தை?" என்றாள். நடந்ததை நான் அரைகுறையாகச் சொல்லி முடிப்பதற்குள் அவள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு முதுகைத் திருப்பினாள். "கொக்கி போடு அத்தை. நீ தச்சத வுட்டுட்டு நான் வேற எத போட்டுக்குவேன்?" அந்தப் பெண்ணை அன்றைக்கு நான் சாமியாகத்தான் பார்த்தேன்.

மேடையில் மணைப் பலகை போட்டு அவளை உட்கார வைத்தார்கள். நானும் ஏழுமலையும் பக்கத்தில் நின்றோம். சுமங்கலிகள் வரிசையாக வந்து கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூச வேண்டும். பெற்ற தாய் காவேரி அண்ணி கீழே, நாற்காலி வரிசைக்கும் பின்னால், சமையலறைக் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்காரர் இல்லாதவர் நலங்கு வைக்கக் கூடாதாம். சுமந்து பெற்றவள் தள்ளி நிற்க, பெண்ணின் பேர்கூடச் சரியாகத் தெரியாதவர்கள் சந்தனம் பூசுகிற இந்த வழக்கத்தின் மேல் எனக்கு அன்றைக்கும் எரிச்சல், இன்றைக்கும் எரிச்சல். ஆனால் அன்றைக்கு அதைக் கேட்கிற யோக்கியதை என்னிடம் இல்லை. கருப்பு நூலோடு நிற்கிறவள் எந்த வாயால் நியாயம் பேசுவது?

மாப்பிள்ளைக்குச் சின்னம்மா முறை ஆகிற ஒரு அம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா பட்சி இது?" என்றார். "கருப்பா இருக்குதே. நலங்குல போய்க் கருப்பா?"

மண்டபம் கழுத்தை நீட்டியது. வாத்து என்றார் ஒருவர். நீர்க்கோழி என்றார் இன்னொருவர். மாப்பிள்ளையின் சிநேகிதன் ஒருவன், கண்ணாடி போட்ட பையன், பரவசமாக, "பென்குயின்!" என்று கத்தினான். (லினக்ஸின் சின்னமே பென்குயின்தான் என்று எனக்கு அப்புறம்தான் தெரியும். அவன் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன டிஸ்ட்ரோ ஆன்ட்டி?" என்று கேட்டான், எந்த லினக்ஸ் ரகம் என்று அர்த்தமாம்.) யாரும் மயில் என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சங்கவி தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தேன். அறைவார் என்றுதான் நினைத்தேன். அறையட்டும் என்றும் நினைத்தேன்.

மேடைப் படிக்குக் கீழே வந்து நின்றார். மகளின் கையையே பார்த்தார்.

"காக்கா" என்றார்.

அமாவாசை அமாவாசைக்குச் சோறு வைத்து, கா கா என்று கூப்பிட்டு, அது வந்து கொத்துகிற வரைக்கும் சாப்பிடாமல் காத்திருக்கிறவர்கள் அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும். காக்கா என்றால் யார் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"எங்க வூட்டுக்காரரு" என்றார் அண்ணி. குரல் உடைந்துவிட்டது. "யார் வூட்டுக் கல்யாணம்னாலும் மொத ஆளா வந்து நிப்பாரு. பெத்த பொண்ணு கல்யாணத்துக்கு வராமப் போவாரா? அம்சா, உனுக்கு எப்பிடிம்மா தோணுச்சி?"

எனக்கு எதுவும் தோன்றவில்லை, அது மயில் என்று உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். ஏழுமலை என் காலை மிதித்தார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் காட்டிய ஒரே முரட்டுத்தனம் அது. வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு பெரியம்மா, "சரி காவேரி, கண்ணத் தொடச்சிக்க. நீ அப்பிடி அந்தப் பக்கமா..." என்று ஆரம்பித்தார்.

"எதுக்கு?" என்றார் அண்ணி. "அவரே மேடையேறி ரெண்டு பக்கமும் உக்காந்துக்கினு இருக்காரு. நான் மட்டும் இன்னாத்துக்குக் கீழ நிக்கணும்?"

படியேறினார். மாப்பிள்ளையின் சின்னம்மா கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினார். மகளின் இரண்டு கன்னத்திலும் சந்தனம் பூசினார், நெற்றியில் குங்குமம் வைத்தார், கடைசியில் இரண்டு கையிலும் இருந்த இரண்டு குண்டுப் பறவைகளுக்கும் ஒவ்வொரு பொட்டு வைத்தார். அவரைத் தடுக்கலாம், காக்காவை யார் தடுப்பது? சங்கவி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். மேளக்காரர் என்ன நினைத்தாரோ, கெட்டிமேளமே அடித்துவிட்டார்.

இப்போது அதே லேப்டாப், அதே மின்ட். மயில் என் கைக்கு அற்புதமாக வருகிறது, தோகையில் கண் கண்ணாக. கேட்கத்தான் ஆளில்லை. எங்கள் சொந்தத்தில் கல்யாணம் என்றால் ஜாக்கெட் கையில் காக்கா போட்டுத் தரச் சொல்லி வந்து நிற்கிறார்கள். தாத்தாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. ஒரு வீட்டில் பெரியவர்கள் அதிகம் தவறிவிட்டார்கள், முதுகிலும் போட வேண்டியதாயிற்று. அது மயில் என்பது அண்ணிக்கு எப்போதோ தெரிந்துவிட்டது, ஏழுமலைதான் உளறினார். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் மேடைக்குக் கீழே கண்ணால் துழாவுவார். வீட்டுக்காரரை இழந்த யாராவது ஒருத்தி பின்னால் ஒதுங்கி நின்றால் போதும், கூட்டத்துக்கு நடுவிலிருந்து எனக்குக் குரல் வரும்:

"அம்சா, அந்த லினக்ஸ எடுத்தாம்மா! இவளுக்கும் ஒரு காக்காவப் போட்டு மேல ஏத்திடுவோம்!"